‘சம்மதமா?’ என்பதைக் கடைசியில் கேளுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை செம்பூரில் 1976-இல் கட்டிய நாலு மாடிக் கட்டடம். 36 வீடு, லிஃப்ட் கிடையாது. பாதி தமிழ்க் குடும்பங்கள், மீதி மராத்தி, குஜராத்தி, இரண்டு சிந்தி. ரிப்பேர் பார்த்து இன்னும் பத்து வருஷம் ஓட்டுவதா, இடித்துப் புதிதாகக் கட்டித் தர (ரீடெவலப்மென்ட்) பில்டரிடம் கொடுப்பதா, நாமே கட்டிக்கொள்வதா என்று மூன்று வருஷமாகப் பேச்சு. இந்த வருஷத்து ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டம்), எல்லார் கருத்தையும் கேட்டுத் தொகுத்துக் கொடுக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். "வாட்ஸாப் குரூப்பில் ஒரு போல் (ஆம்-இல்லை வாக்கெடுப்பு) போட்டால் போதாதா அங்கிள்? என்னென்ன கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இதே செம்பூரில் 32 வீடுள்ள ஒரு சொசைட்டிக்கு (வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்) ஒன்பது வருஷம் செக்ரட்டரியாக இருந்தவன். செடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்தே போகிற தூரம். எங்கள் கட்டடம் இடிந்து, எழும்பி, இப்போது பதினோராம் மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேலை நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் கருத்துக் கேட்ட லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்போது கமிட்டியில் எல்லாருக்கும் கூகுள் ஃபாரம் மேல் ஒரு மோகம். "ரீடெவலப்மென்ட்டுக்குச் சம்மதமா? ஆம், இல்லை." அவ்வளவுதான் கேள்வி. 21 பதில் வந்தது, அதில் 19 ‘ஆம்’. அடுத்த கமிட்டி மீட்டிங்குக்கு ஒருவர் கேசரியே கிளறிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு பொதுக்குழுவில் ஆர்க்கிடெக்ட்டை நியமிக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னால் 12 கை. மீதி ஏழு பேர் எங்கே போனார்கள் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் வெளிச்சம்: ஃபாரத்தை நிரப்பியது நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள். பொதுக்குழுவுக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்களுடைய அம்மா அப்பா.

வாட்ஸாப் போல் இதைவிட மோசம். யார் எதில் தொட்டார்கள் என்று குரூப்பில் இருக்கிற எல்லாரும் பார்க்கலாம். சேர்மன் ‘ஆம்’ தொட்ட பிறகு, அவரிடம் போன மாதம் பார்க்கிங்குக்காகக் கெஞ்சியவர் ‘இல்லை’ தொடுவாரா? முதல் பத்து நிமிஷத்தில் தொட்டவர்கள் மற்றவர்களுடைய கருத்தையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறார்கள். குரூப்பில் இல்லாத கீழ்வீட்டுத் தாத்தா கணக்கிலேயே வரமாட்டார்.

இன்னொன்றையும் கமிட்டிக்கு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: நீங்கள் எடுப்பது வோட்டு அல்ல. வோட்டுக்குத் தனி வழி இருக்கிறது. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் மாநில அரசு 2009 ஜனவரியில் ஒரு வழிமுறை போட்டு, 2019 ஜூலை 4-ஆம் தேதி அதைத் திருத்தியது. பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் 51 சதவீதம் பேர் சரி என்று சொல்ல வேண்டும். கூட்டம் வீடியோவில் பதிவாக வேண்டும். பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குக் கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரி வர வேண்டும். உங்கள் 36-க்குக் கணக்குப் போட்டால், 24 பேர் வந்தால் கூட்டம், 19 பேர் சொன்னால் தீர்மானம்.

(மாட்டுங்காவில் பழைய பகடிக் கட்டடத்தில், அதாவது முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகைக்குத் தலைமுறையாக இருக்கும் கட்டடத்தில், இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது "79ஏ நோட்டீஸ் வந்தது" என்று சொன்னால் குழம்பாதீர்கள். அது வேறு 79ஏ. 1976-ஆம் வருஷத்து ம்ஹாடா (மாநில வீட்டுவசதி ஆணையம்) சட்டத்தில் வருவது. 1969 செப்டம்பருக்கு முன் கட்டிய, ரிப்பேருக்கென்று செஸ் வரி கட்டும் வாடகைக் கட்டடங்களைப் பற்றியது. வீட்டுக்காரருக்கு ஆறு மாதம், அவர் செய்யாவிட்டால் குடியிருப்போருக்கு ஆறு மாதம், அதற்குப் பிறகு ம்ஹாடாவே எடுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். சொசைட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

"19 கிடைத்தால் போதுமே" என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சட்டப்படி அவர் சொல்வது தப்பில்லை. பெரும்பான்மை எடுத்த முடிவுக்கு மற்ற உறுப்பினர்களும் கட்டுப்பட்டவர்கள் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் நாலு பேர் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால், காலி செய்துவிட்ட 32 குடும்பமும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கோர்ட் தேதி எண்ண வேண்டியதுதான். அந்த நாலு பேர் யார், அவர்களுக்கு என்ன உறுத்தல் என்பதைப் பில்டர் வாசலுக்கு வருமுன்பே தெரிந்துகொள்வதற்குத்தான் உங்கள் வேலை.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சொசைட்டியில் ஷேர் சர்டிஃபிகேட்டில் முதல் பெயர் யாருடையதோ அவருக்குத்தான் வோட்டு; அவர் வராவிட்டால்தான் அதில் அடுத்துள்ள பெயருக்கு. இரண்டு வீடு வைத்திருந்தாலும் ஒரு வோட்டுதான். பவர் ஆஃப் அட்டர்னி வைத்துக்கொண்டு பொதுக்குழுவில் வந்து உட்கார முடியாது. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் வாழ்கிறவர் வேறு ஆளாக இருக்கலாம். பெயர் மகனுடையது, படி ஏறுவது அம்மா. பெயர் இறந்துபோன அப்பாவுடையது, நாமினேஷனே கிடையாது, மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில். அதனால் வீட்டுக்கு ஒரு ஃபாரம் என்று வைக்காமல், வீட்டில் இருக்கும் பெரியவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். கணவன் மனைவியை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒரு கருத்துதான் கிடைக்கும். யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கு வோட்டு இல்லை, ஆனால் தண்ணீர் எந்த மாடியில் எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்தச் சுவர் ஊறுகிறது என்பதைச் சொந்தக்காரரைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

கிளம்புமுன் இரண்டு காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று ஸ்ட்ரக்சரல் ஆடிட் ரிப்போர்ட், அதாவது கட்டடம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று இன்ஜினியர் சோதித்துக் கொடுக்கும் அறிக்கை. 30 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு மும்பை மாநகராட்சிச் சட்டப்படி ஆடிட் கட்டாயம். ரிப்போர்ட்டில் சி-1 என்று வந்தால் உடனே காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம் என்று அர்த்தம். கருத்துக் கேட்பதெல்லாம் அங்கே எடுபடாது, மழைக்கு முன்னால் ஆட்களை வெளியேற்றுவதுதான் வேலை. சி-2ஏ என்றால் சில பகுதியைக் காலி செய்து பெரிய ரிப்பேர், சி-2பி என்றால் ஆட்கள் இருக்கும்போதே செய்யக்கூடிய ஸ்ட்ரக்சரல் ரிப்பேர், சி-3 என்றால் சில்லறை வேலை. இது தெரியாமல் "ரிப்பேரா, ரீடெவலப்மென்ட்டா" என்று கேட்பது, டாக்டர் ரிப்போர்ட் வருமுன் ஆபரேஷன் பண்ணிக்கலாமா என்று சொந்தக்காரர்களைக் கேட்பது போல. இரண்டு ரிப்போர்ட் இரண்டு விதமாகச் சொன்னால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்குப் போகும் வழியும் உண்டு.

இரண்டாவது, கன்வேயன்ஸ் (நில உரிமையை மாற்றித் தரும் பத்திரம்). நிலம் சொசைட்டி பெயரில் இருக்கிறதா, இல்லை அந்தக் காலத்துப் பில்டர் பெயரிலேயே கிடக்கிறதா? மும்பையில் ஏகப்பட்ட சொசைட்டிகளுக்கு இது இன்றும் பாக்கி. இல்லையென்றால், பில்டர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அரசு அதிகாரி மூலம் உரிமையை மாற்றித் தரும் டீம்டு கன்வேயன்ஸுக்கு மனுப் போட வேண்டும். நிலம் நம் பெயரில் வராதவரை நாமே கட்டிக்கொள்வது என்ற மூன்றாவது வழி வெறும் பேச்சுதான்.

எப்போது கேட்பது என்பதற்கு ஒரு விசித்திரமான அனுபவம் சொல்கிறேன். ஜூலையில் கேட்டால் நாலாம் மாடி முழுக்க ‘இடித்துக் கட்டு’ என்பார்கள், ஏனென்றால் கூரை ஒழுகி ஹாலில் வாளி வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் அதே ஆட்கள் "ஏன் சார், நல்லாத்தானே இருக்கு, டெரஸுக்கு வாட்டர் ப்ரூஃபிங் போட்டா போதுமே" என்பார்கள். முதல் மாடிக்காரர்களுக்கு ஜூலையும் ஜனவரியும் ஒன்றுதான். எனவே மழை நின்று இரண்டு மாதம் கழித்துத் தொடங்குங்கள். போகும் நேரமும் முக்கியம். காலை பதினொரு மணி, சமையல் முடிந்து கை ஓய்ந்திருக்கும். ஞாயிறு மாலை வேண்டாம். பிள்ளைகள் வீடியோ காலில் இருப்பார்கள், பதில் அங்கிருந்து வரும்.

இரண்டு பேராகப் போங்கள். கமிட்டியில் இருப்பவர் அதில் ஒருவராக இருக்கவே கூடாது. எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகளுக்கு நானும் ஒரு மராத்திப் பெண்ணும் போனோம். நான் செக்ரட்டரி என்பதால் மூன்று வீட்டில் காபிதான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணும் பள்ளி டீச்சராக இருந்து ரிட்டையரான ஒரு மாமியும் போனார்கள், வீட்டில் இருந்தவர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். குஜராத்தி வீடுகளுக்கு குஜராத்தி பேசுகிறவர் போவது நல்லது. இரண்டாம் மாடிக் காகா ஒருவர் ஹிந்தியில் கேட்டால் "சப் டீக் ஹை" என்பார். சொந்த மொழியில் கேட்ட அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்.

இனி கேள்விகள். ‘சம்மதமா’ என்ற சொல்லே முதல் சுற்றில் வரக்கூடாது. அது வந்துவிட்டால் எதிரே இருப்பவர் உங்களை வோட்டுக் கேட்க வந்தவராகப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை படி இறங்கி ஏறுகிறீர்கள் என்று ஆரம்பியுங்கள். இறங்குவதையே நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் ஆட்கள் உங்கள் கட்டடத்தில் குறைந்தது நாலு பேர் இருப்பார்கள். எங்கள் மூன்றாம் மாடிப் பாட்டி எட்டு மாதமாகத் தரையை மிதிக்கவில்லை என்பது அதே படியில் தினம் ஏறி இறங்கிய எனக்குத் தெரியாது. கூடையில் கயிறு கட்டிக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பணம். ஆனால் "எவ்வளவு கார்பஸ் (பில்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் மொத்தமாகக் கொடுக்கும் தொகை) வேண்டும்" என்று கேட்காதீர்கள். மாதம் மெயின்டனன்ஸுக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேளுங்கள். இதுதான் முதியவர்களின் உண்மையான பயம், இதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். லிஃப்ட் இரண்டு, ஜெனரேட்டர், பம்ப், தீயணைப்புக் கருவிகளின் ஒப்பந்தம், செக்யூரிட்டி மூன்று ஷிஃப்ட், மேலே ஒரு ஜிம்; இதெல்லாம் சேர்ந்தால் இப்போது 3,000 கட்டுகிறவர் நாளைக்கு 9,000 கட்டுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,000 கூடுதல் என்றால் வருஷத்துக்கு 72,000. பேங்க் டெபாசிட்டில் 7 சதவீதம் வட்டி என்றால், அந்த 72,000-ஐ வட்டியாகப் பெறப் பத்தே கால் லட்சத்துக்கு மேல் டெபாசிட் வேண்டும். கார்பஸ் என்று பில்டர் கொடுக்கும் தொகையை லாபமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எங்கள் கட்டடத்தில் பென்ஷனில் வாழ்ந்த ஆறு பேர் இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். அதன் விளைவாக ஜிம்மும் நீச்சல் குளமும் கைவிடப்பட்டன. இளைஞர்களுக்கு என்மேல் இன்றைக்கும் கோபம்.

மூன்றாவது, அந்த இடைப்பட்ட மூன்று வருஷம் எங்கே இருப்பீர்கள் என்பது. பில்டர் மாத வாடகை, புரோக்கரேஜ், சாமான் ஏற்றிச் செல்லும் செலவு எல்லாம் தருவார். தருகிற பணத்தில் வீடு கிடைக்குமா என்பது வேறு கதை. ஒரே தெருவில் மூன்று கட்டடம் ஒரே சமயத்தில் இடித்தால் அந்த வட்டாரத்தில் வாடகை ஏறும். செம்பூரில் இதைக் கண்கூடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டெபாசிட் கேட்பார்கள். லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற வாடகை ஒப்பந்தம் 11 மாதம். முடிந்ததும் மறுபடி பெட்டி கட்ட வேண்டும். தனியாக இருக்கும் 78 வயதுக்காரருக்கு வீடு கொடுக்க வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள், "ஏதாவது ஆகிவிட்டால்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். எங்களிடம் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். கருத்துக் கேட்டதால் இது முன்கூட்டியே தெரிந்தது. டெண்டரிலேயே ஒரு நிபந்தனை போட்டோம்: இந்த மூன்று பேருக்கும் அரை கிலோமீட்டருக்குள் பில்டரே தன் பெயரில் வீடு பிடித்து, முழுக் காலத்துக்கும் கொடுக்க வேண்டும். பில்டருக்கு அது பெரிய செலவில்லை. கேட்டால்தானே கிடைக்கும்.

இதோடு ஒட்டி இன்னொரு கேள்வி: வேலை நடுவில் நின்றுபோய், ஆறு மாதம் பில்டர் வாடகை தராவிட்டால் உங்களால் தாங்க முடியுமா? முடியாது என்று சொல்லும் வீடுகளின் எண்ணிக்கைதான் நீங்கள் கமிட்டிக்குக் கொடுக்கப் போகும் மிக முக்கியமான எண். 79ஏ வழிமுறையில் திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு பேங்க் கேரண்டி வாங்கச் சொல்லியிருக்கிறது. பல கமிட்டிகள் பில்டர் முகம் சுளித்ததும் இதைத் தளர்த்திவிடுகின்றன. "36-இல் 14 வீட்டுக்கு ஆறு மாதம் தாங்காது" என்ற தாள் மேஜைமேல் இருந்தால் தளர்த்துவதற்குக் கை வராது.

நாலாவது கேள்வியைத்தான் நான் ரொம்ப ரசித்தேன்: இப்போதைய வீட்டில் எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்? கிழக்கு ஜன்னல் என்றார்கள், சமையலறையிலிருந்து பின்பக்கம் திறக்கும் கதவு என்றார்கள், எதிர்வீட்டு மனிதர்கள் என்று ஒருவர் சொன்னார். தரைத்தளத்தில் ஒரு திருநெல்வேலிக்கார அம்மா இருபது வருஷமாக இட்லி மாவு அரைத்து ஜன்னல் வழியாக விற்றுக்கொண்டிருந்தார். புது வீடு பதினாலாம் மாடியில் என்றால் மாவு வாங்க யார் லிஃப்டில் வருவார்கள்? அவர் ஒரு தடவைகூட ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. ‘உங்க இஷ்டம்’ என்பார். நம் ஊர்ப் பெண்கள் ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னால் அதை ‘ஆம்’ பத்தியில் எழுதாதீர்கள். தனியாக ஒரு பத்தி போட்டு, திரும்பப் போய்க் கேளுங்கள்.

உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். 2018 டிசம்பரில் நம் திலக் நகரில் 15 மாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அதைப் பார்த்தவர்கள் இங்கேதான் வாழ்கிறோம். யார் கீழ்மாடி கேட்கிறார்கள், ஏன் என்று எழுதிக்கொள்ளுங்கள். குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது, நடக்க முடியாதவர்களுக்கு முதல் சில மாடிகளைத் தனியே வைக்கலாம் என்று பொதுக்குழுவே முடிவு செய்ய அது உதவும்.

கடைசியாக ஒன்று: இந்தக் கட்டடத்தில் உங்களுக்காகக் காகிதத்தைப் படித்துப் பார்க்க யாரை நம்புவீர்கள்? ஒரு பெயர் மட்டும். இதில் வரும் பெயர்கள் கமிட்டிக்காரர்களுடையதாக இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். எங்களுக்கு அதிகம் வந்த பெயர், எல்ஐசியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற, மீட்டிங்கில் வாயே திறக்காத ஒரு மராத்திக்காரருடையது. அவரை ஒப்பந்தக் குழுவில் போட்டோம். 140 பக்கத்தையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"எத்தனை சதுர அடி கூடக் கிடைக்கும்?" என்று எல்லா வீட்டிலும் உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். அது மனையின் அளவு, முன்னால் போகும் ரோட்டின் அகலம் இரண்டையும் பொறுத்தது. மும்பையின் கட்டட விதிகளான டிசிபிஆர் 2034-இன்படி புறநகரில் 9 முதல் 12 மீட்டர் ரோட்டுக்கு எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 வரையும், 27 மீட்டருக்கு மேல் 2.5 வரையும் போகும். அதற்கு மேல் ஃபஞ்சிபிள் என்ற கூடுதல் பரப்பு 35 சதவீதம். பழைய சொசைட்டிக் கட்டடம் என்பதால் 33(7)(பி) விதியின்கீழ் இருக்கும் கட்டடப் பரப்பில் 15 சதவீதமோ, வீட்டுக்குப் 10 சதுர மீட்டரோ, எது அதிகமோ அது கூடுதலாக உண்டு. இதை வைத்து ஆளாளுக்கு மனக்கணக்குப் போட்டால் வீடு விமான நிலையம் அளவுக்குப் பெரிதாகிவிடும். எவ்வளவு கட்ட முடியும், கட்டுபடியாகுமா என்று பார்த்து ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட் போடுவதற்கென்று பி.எம்.சி. இருக்கிறார். மாநகராட்சியைச் சொல்லவில்லை, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட். எங்கள் பாட்டிகள் இரண்டு வருஷம் இதைக் குழப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது சுற்று, பிளான் கைக்கு வந்த பிறகு. இங்கே நான் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். நமக்குப் பக்கத்தில் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். 1976-இல் அந்தக் குடியிருப்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காகக் காலி செய்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உண்டாக்கியவர், 2000-இல் மகசேசே விருது பெற்றார், 2018-இல் காலமானார். அவருடைய கூட்டமைப்பும், ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பும், மகிளா மிலன் என்ற ஏழைப் பெண்கள் குழுக்களும் சேர்ந்து செய்த வேலையின் அடிப்படை, கணக்கெடுப்பை அதிகாரியிடம் விடாமல் ஜனங்களே தங்களை எண்ணிக்கொள்வது. அதோடு 1980-களில் நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைத் துணியும் மரச்சட்டமும் வைத்து முழு அளவில் நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே நடந்து பார்த்த பிறகு, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னார்கள். பிளான் காகிதத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டைப் பற்றிக் கருத்து இல்லை என்று யார் சொன்னது?

நாங்கள் அதைக் காப்பி அடித்தோம். மொட்டை மாடியில் சாக்பீஸால் புது வீட்டின் பிளானை முழு அளவில் வரைந்தோம். 10 அடிக்கு 11 அடி பெட்ரூம் என்றால் 10 அடிக்கு 11 அடி. ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) சொல்லும் கார்ப்பெட் ஏரியாவில் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் இடமும் சேரும் என்பதால் சுவர்களையும் அவற்றின் கனத்தோடு வரைந்தோம். பழைய வீட்டைச் சுவருக்குச் சுவர் அளந்து வைத்திருந்தவர்களுக்கு, ‘30 சதவீதம் அதிகம்’ என்றது கண்ணெதிரே கொஞ்சம் சுருங்கியது. கட்டில் இங்கே, பீரோ அங்கே என்று ஆட்கள் நின்று பார்த்தார்கள். அந்த மூன்றாம் மாடிப் பாட்டியை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். சாக்பீஸ் சமையலறையில் ஒரு நிமிஷம் நின்றார். "மடிப் புடவை உலர்த்தக் கொடி எங்கேடா கட்டுவே?" என்றார். ஆர்க்கிடெக்ட் விழித்தார். வெளிப்பக்கம் துணி காயப்போடக்கூடாது என்று ஒப்பந்த வரைவில் ஒரு வரி இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பாட்டி கேட்டதால் ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறையை ஒட்டி மூன்றடி அகலத்தில் ஒரு உலர்த்தும் பால்கனி வந்தது. மடி ஆசாரம் எதுவும் இல்லாத சிந்திக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் தாராவிக்கு ஒரு நடை போய் வாருங்கள். ரீடெவலப்மென்ட்டுக்காக 2024 மார்ச்சில் அங்கே சர்வே தொடங்கினார்கள். கதவில் எண் எழுதினார்கள், ஆவணம் கேட்டார்கள், 2000 ஜனவரி 1-க்கு முன் வந்தவரா பின் வந்தவரா என்று பிரித்தார்கள். தகுதி பார்க்க அது வேண்டியதுதான். ஆனால் எண் எழுதுவதும் கருத்துக் கேட்பதும் ஒன்றல்ல என்பது அங்கே மாடியில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களிடம் ஐந்து நிமிஷம் பேசினால் தெரியும்.

நாமே கட்டிக்கொள்வது பற்றிச் சுருக்கமாக. 2019 செப்டம்பரில் மாநில அரசு இதற்குச் சலுகைகள் அறிவித்தது, மும்பை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி கடன் தருகிறது. கேட்க நன்றாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மூன்று வருஷம், வாரம் இரண்டு மாலை, இந்த வேலைக்குத் தரக்கூடியவர் உங்கள் வீட்டில் யார்? ஐந்து பெயர்கூடத் தேறாவிட்டால் அந்தப் பேச்சை மூடிவிடலாம்.

தொகுத்துக் கொடுக்கும்போது சதவீதம் வேண்டாம். 36 வீட்டில் ‘72 சதவீதம்’ என்று எழுதினால் கம்பீரமாக இருக்கும், ‘26 வீடு’ என்று எழுதினால் மீதிப் பத்து வீட்டின் முகம் ஞாபகம் வரும். யார் சொன்னது என்று எழுதாதீர்கள். என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே, தமிழிலோ மராத்தியிலோ எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதி, கீழே லெட்டர் பாக்ஸ் பக்கத்தில் ஒட்டுங்கள். கமிட்டியைக் குறை சொன்னதையும் ஒட்டுங்கள். எங்கள் தாளில் "செக்ரட்டரி கேட்பதுபோல் கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வார்" என்று ஒரு வரி இருந்தது. நான்தான் டைப் அடித்தேன்.

இவ்வளவும் பில்டர்கள் உள்ளே வருமுன் நடக்க வேண்டும். ஒருமுறை தீபாவளிக்கு வீடு வீடாக ஸ்வீட் பெட்டியும் வெள்ளி நாணயமும் வந்து இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு கேட்கும் கருத்தில் காஜு கத்லி வாசனை அடிக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் உங்களுக்கும் இரண்டு மூன்று இருக்கும். மெயில் அனுப்பிக் காத்திருக்காதீர்கள், அவர்கள் நேரத்துக்குப் போன் போட்டுப் பேசுங்கள்; வோட்டு நாளுக்கு அவர்கள் நேரில் வந்தாக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், டிக்கெட் போட அவகாசம் வேண்டும்.

எங்கள் பழைய கேள்வித்தாள் தமிழ், மராத்தி, குஜராத்தி மூன்றிலும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஜெராக்ஸ் எடுத்துவிடாதீர்கள். ஏழாவது கேள்வி எங்கள் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியையும் அதற்குப் பக்கத்தில் இருந்த புறாக்களையும் பற்றியது.